கேட் மூடியிருக்கிறது

கொருக்குப்பேட்டை கேட்டில் நிற்கிறேன்.
மணி இரண்டு பத்து.
என் பையில் மாசிலாமணியின் கால்கள் இருக்கின்றன,
பத்து மஞ்சள் மாத்திரைகளாக, ஒரே அட்டையில்.
ஸ்டாக் இல்லை, ஸ்டாக் இல்லை என்று
மூன்று நாள் அலையவிட்டுக் கொடுத்தார்கள்.

கூட்ஸ் வண்டி போகிறது. போய்க்கொண்டே இருக்கிறது.
நாற்பத்தொன்றாம் பெட்டியோடு எண்ணுவதை விட்டேன்.
இதே யார்டில் முப்பத்திரண்டு வருஷம்
பெட்டிகளைக் கோத்தும் கழற்றியும் விட்ட ஆள்
இந்நேரம் பாத்ரூம் வாசலில் நிற்பார்.
தரை காந்தம், பாதம் இரும்பு.
இழுக்காதே என்று டில்லிபாயிடம் சொல்லியிருக்கிறேன்.
இழுத்தால் மேல்பாதி மட்டும்தான் வரும்.

ஊசி போடாத நர்ஸ் என்று
அந்தச் சந்தில் எனக்குப் பெயர்.
நான் போட்டதெல்லாம் டேப்.
கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை
சிவப்புத் தரையில் அடிக்கு ஒன்றாய் வெள்ளைப் பட்டை.
குனிந்து பார்த்தார்.
"இன்னா சிஸ்டர், ஸ்லீப்பர் கட்ட போட்டுகிற?"
சொல்லிக்கொண்டே முதல் கட்டையைத் தாண்டினார்.
அடுத்தது.
அதற்கடுத்தது.
டில்லிபாய் கையில் குழம்புக் கரண்டி அந்தரத்தில் நின்றது.
அன்றைக்கு உறைந்துபோனது அவள்தான்.

சோற்றுக்கு அரைமணி முன்னால் மாத்திரை.
காசிமேட்டு வஞ்சிரம் ராத்திரிக்கு மட்டும்.
பகலில் தின்றால் மீனும் மாத்திரையும்
ஒரே கேட்டில் முண்டியடிக்கும்.
மீன்தான் முதலில் போகும்.

போன ஆடியில் குமட்டுகிறதென்று
மெடிக்கலில் கேட்டு வாங்கிய சின்ன மாத்திரை ஒன்று
இரண்டு நாள் அவரைக் கல்லாக்கி வைத்தது.
அடுப்புக்கு மேல், சிலிண்டர் புக்கிங் நம்பருக்குக் கீழே,
அன்றிலிருந்து என் கையெழுத்து:
கேட்காமல் எதுவும் தராதே.

வேலை செய்கிற மாத்திரையும் சும்மா இருப்பதில்லை.
விழுங்கி ஒரு மணி நேரத்தில் தோள் நெளியும்,
கழுத்து வளையும்,
வலது கால் தன்பாட்டுக்கு வட்டம் போடும்.
"பகல்லயே ஏத்திகினாரா?" என்றான் எதிர்வீட்டுப் பையன்.
அம்பத்தூரிலிருந்து மகள் போனில் அழுதாள்,
குறைச்சிடுங்க சிஸ்டர், பார்க்க முடியல.

அவர் என் நோட்டைக் கையால் மூடினார்.
அந்தக் கையும் ஆடியது, நோட்டும் ஆடியது.
"இத்த எழுதாத. எழுதினா டாக்டர் கொறைச்சிடுவாரு.
ஆடறது நாந்தான் சிஸ்டர்.
ஒட்டிகினு நிக்கிறாம் பாரு, அவன் யாரோ."

எழுதினேன்.
2.55 முதல் 3.40 வரை. கழுத்து, வலது தோள், கால்.
விழவில்லை. டீ கொட்டியது. வலி இல்லை.
அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லாததால்
ஓரத்தில், செங்குத்தாக:
நிற்பதைவிட இது மேல் என்கிறார்.

ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.
டாக்டர் ஓரத்தையும் படித்தார்.
நாலு வேளை ஆறானது, ஒவ்வொன்றும் சிறிதானது.
பாதி வட்டம் இப்போது ஆட்டம், பாதி மிச்சம்.
இரண்டு மணி மட்டும் மாறவில்லை.

போன் அடிக்கிறது.
"ஒட்டிகினாரு சிஸ்டர்."
அவர் காதில் வை என்கிறேன்.
குரல் இப்போதெல்லாம் கொசு அளவு.
என் பக்கத்து இரைச்சலைக் கொஞ்சநேரம் கேட்கிறார்.
"லோடு வண்டி. எத்தினி ஆச்சி?"
விட்டுட்டேன்.
"இப்ப வர்றதுலேர்ந்து எண்ணு. சத்தமா."

ஒண்ணு, என்கிறேன்.
ஸ்கூட்டர்காரர் திரும்பிப் பார்க்கிறார்.
ரெண்டு.
போனுக்குள் ரப்பர் செருப்பு ஒருமுறை உரசுகிறது.
மூணு. நாலு.
பூக்கூடைக்காரியும் உதட்டை அசைக்கத் தொடங்கிவிட்டாள்.
பதினொன்றில் கட்டில் கிரீச்சிடுகிறது.

கடைசிப் பெட்டி போய்விட்டது.
கேட் ஏறவில்லை.
எதிர்த்திசையில் இன்னொன்று ஹாரன் அடிக்கிறது.
"எம்ட்டி வண்டி அது," என்கிறது கொசுக்குரல்,
"சீக்கிரம் பூடும். நீ மெதுவா வா."